ஹேக்கர் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதைக் கெடுத்தது யார்?

#1 கோவைக்காரன்

நண்பர்களுக்கு வணக்கம். என் தம்பி மகள் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் காலத்து ஹேக்கர்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அப்பவே பேங்க்ல திருடினாங்களா பெரியப்பா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. செய்தித்தாளில் அந்தச் சொல் திருட்டோடு சேர்ந்துதான் வருகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

நான் அறிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது.) போர்க்காலத்தில், 1943-இல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாக மரத்தாலான ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, 20 என்ற எண்தான். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் 1998 வரை நின்றது. தற்காலிகக் கட்டடம் என்பதால் சுவரில் ஓட்டை போட்டாலும் வயர் இழுத்தாலும் கேட்க ஆளில்லை. அங்கேதான் டெக் மாடல் ரெயில்ரோடு கிளப் என்ற மாணவர் சங்கம் இருந்தது. 1946-இல் தொடங்கியது. பொம்மை ரயில் ஓட்டுவதுதான் வேலை.

கிளப்புக்குள் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு மேசைக்கு மேலே வேலை: பெட்டிக்கு வண்ணம் அடிப்பது, மலை, மரம், ஸ்டேஷன் செய்து வைப்பது. இன்னொரு கூட்டத்துக்கு மேசைக்கு அடியில் வேலை. 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' குழு என்று பெயர். எந்தத் தண்டவாளத்துக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ரிலேக்களாலும் (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்) சாதாரண சுவிட்சுகளாலும் முடிவு செய்கிற அமைப்பு முழுவதும் அவர்கள் கையில். நான் பேச வந்தது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி.

பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் 1959-இல் கிளப்புக்குள் புழங்கிய சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். அதில் 'ஹேக்' என்பதற்கு முதல் பொருள், ஆக்கபூர்வமான முடிவு எதுவும் இல்லாத ஒரு பொருள் அல்லது வேலை. செய்வதன் சுகத்துக்காகவே செய்வது. திருட்டு என்ற வாடையே இல்லை.

1958-இல் டி.எக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினி எம்.ஐ.டி. வளாகத்துக்கு வந்தது. கிளப்பின் முன்னாள் உறுப்பினர் ஜாக் டென்னிஸ் இந்தப் பையன்களை அதன் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். 1961-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் பி.டி.பி-1 கணினியை நன்கொடையாகக் கொடுத்தது. 1962-இல் அதில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டு, இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடுவது. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

என் கட்சி இதுதான்: பிறந்தபோது இது தங்கமான சொல். 1980-களில் பத்திரிகைகள்தான் கெடுத்தன. சரிதானே?


#2 நிரலாள்

அண்ணா, கதை அருமை. ஆனால் கடைசி வரி இடிக்கிறது.

1980-கள் வரை போக வேண்டாம். எம்.ஐ.டி. மாணவர் இதழான 'தி டெக்', 1963 நவம்பர் 20 தேதியிட்ட இதழில் 'டெலிபோன் ஹேக்கர்கள்' என்று தலைப்புக் கட்டியே செய்தி போட்டிருக்கிறது. ஹேக்கர்களால் வளாகத்தில் பல தொலைபேசி வசதிகளைக் குறைக்க வேண்டியதாயிற்று என்பது செய்தி. எம்.ஐ.டி.க்கும் ஹார்வர்டுக்கும் இடையிலான லைன்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக்கொண்டார்களாம். வெளியூருக்குப் பேசிவிட்டுக் கட்டணத்தை ஒரு ரேடார் நிலையத்தின் கணக்கில் ஏற்றினார்களாம். இன்னொன்று கேளுங்கள்: நீங்கள் சொன்ன அதே பி.டி.பி-1 கணினியைத் தொலைபேசி அமைப்போடு இணைத்து, வெளி லைனின் டயல் டோன் கிடைக்கும்வரை ஒவ்வொரு லைனாகத் தேட விட்டிருக்கிறார்கள். இன்றைக்குச் செய்தால் என்ன பெயர் வைப்போம்?

அப்போது ஸ்பேஸ்வாருக்கு வயது ஒன்றரை. 'ஹேக்கர்' கெட்ட பொருளில் அச்சேறியதற்கு இன்றுவரை கிடைத்திருப்பதில் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. நல்ல பொருளும் கெட்ட பொருளும் ஒரே வளாகத்தில், ஒரே தலைமுறையில் வளர்ந்தவை.

இதைச் சொல்வதால் அவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்தக் கிளப் மீது உங்களுக்கு இருக்கும் அதே பிரியம் உண்டு. 1955 ஏப்ரலில் கிளப் கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: மின்னமைப்பில் வேலை செய்கிறவர்களோ ஹேக் செய்கிறவர்களோ ஃபியூஸ் போகாமல் இருக்க முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும் என்று எக்கிள்ஸ் என்பவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். 'வேலை செய்வது' தனி, 'ஹேக் செய்வது' தனி என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் குறிப்பேட்டைக் கையில் தொட்டுப் பார்க்க ஆசை.


#3 பழைய எக்ஸ்சேஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது அரிது. இங்கே தொலைபேசி என்று வந்துவிட்டதால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மாவட்டத் தலைநகரத்தில் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தபின் ஓய்வு பெற்றவன்.

தம்பி கோவைக்காரன் 'ரிலேக்கள், சுவிட்சுகள்' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டார். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பொம்மை ரயில் கிளப்புக்கு அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது? தொலைபேசிக் கம்பெனிக்குக் கருவி செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கல்லூரிகளுக்குக் கொடுத்த சாமான். கிளப்பின் ஆலோசகராக இருந்த பேராசிரியர்தான் வளாகத் தொலைபேசிக்கும் பொறுப்பு. அவர் வழியாக வந்தது. ஆக, மேசைக்கு அடியில் இருந்தது ரயிலின் உடம்பில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ரயிலை எந்தப் பகுதித் தண்டவாளத்தில் ஓட்ட வேண்டும் என்பதை டெலிபோன் டயலைச் சுற்றித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்ட்ரோஜர் எப்படி வேலை செய்யும் என்று இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் 5 என்று டயல் செய்து விரலை எடுத்தால், டயல் சுருள்வில்லால் திரும்பி வரும்போது லைன் ஐந்து முறை அறுந்து அறுந்து சேரும். இங்கே எக்ஸ்சேஞ்சில் ஒரு செலக்டர் இருக்கும். நடுவில் நிமிர்ந்த தண்டு, அதில் பல்வரிசை, ஓரத்தில் மின்காந்தம். லைன் ஒருமுறை அறுந்தால் மின்காந்தம் ஒருமுறை இழுக்கும், தண்டு ஒரு படி ஏறும். ஐந்து முறை என்றால் ஐந்து படி. ஏறி நின்றதும் பக்கவாட்டில் தானே சுழன்று காலியாக உள்ள லைனைத் தேடிப் பிடிக்கும். அடுத்த எண்ணுக்கு அடுத்த செலக்டர். கடைசிச் செலக்டரில் ஓர் எண்ணுக்கு மேலே ஏறும், இன்னோர் எண்ணுக்குப் பக்கவாட்டில் போகும். மேலே பத்து, குறுக்கே பத்து, மொத்தம் நூறு சந்தாதாரர். பேசி முடித்து வைத்தால் சரேலென்று பழைய இடத்துக்கு விழும்.

காலை பத்து மணிக்கு ரேக்குகளுக்கு நடுவே நடந்தால் ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற சத்தம். எந்த வரிசையில் சத்தம் பிசகுகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்போம். காண்டாக்டில் தூசி படிந்தால் பர்னிஷர் என்ற மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு ஓர் இழுப்பு. அதிகம் இழுத்தால் மேல்பூச்சு போய்விடும். என் சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கற்றுக்கொடுத்தார்.

இதில் கணினி எங்கே என்கிறீர்களா? ஒரு ரிலே இழுத்ததும் தன் சொந்தக் காண்டாக்ட் வழியாகவே தனக்கு மின்சாரம் வாங்கிக்கொண்டு பிடித்து நிற்கும்படி வயர் போடலாம். பொத்தானை விட்ட பிறகும் நிற்கும். அதாவது நடந்ததை அது நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு ரிலேயை வரிசையில் போட்டால் 'இதுவும் அதுவும்'. பக்கம் பக்கமாகப் போட்டால் 'இதுவோ அதுவோ'. கிளாட் ஷானன் என்பவர் 1937-இல் முதுகலை ஆய்வேட்டில் எழுதிக்காட்டியது இதைத்தான், அதுவும் அதே எம்.ஐ.டி.யில். மேசைக்கு அடியில் வயர் இழுத்த பையன்கள் டி.எக்ஸ்-0 முன்னால் உட்கார்ந்தபோது அவர்களுக்கு அது புது உலகமாக இருந்திருக்காது. ஏற்கெனவே கையில் பழகியதுதான், வேகம் மட்டும் கூடுதல்.


#4 வடகரை

ஐயா, ஆலங்கட்டி மழை என்றீர்களே, படிக்கும்போதே கேட்டது.

எங்கள் தெருவிலேயே முதல் போன் எங்கள் பெரியப்பா வீட்டில். தெரு முழுக்க வந்து பேசிவிட்டுப் போவதால் பில் ஏறுகிறது என்று டயல் ஓட்டையில் மாட்டும் சின்னப் பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டார். சாவி அவர் பூணூலில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் வந்தார், ரிசீவரை எடுத்தார், அது வைக்கும் இடத்தில் இருக்கும் அந்தக் குமிழை விரலால் தட்டினார். 3 வேண்டுமென்றால் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி அடுத்த எண். பூட்டு பூட்டினபடி இருக்க, மறுமுனையில் மணி அடித்தது. எனக்குக் கை நடுங்கியது. அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் பழக ஒரு வாரம் ஆனது. வேகமாகத் தட்டினால் தப்பான நம்பர், மெதுவாகத் தட்டினால் லைன் போய்விடும். தாளம் சரியாக இருக்க வேண்டும். பெரிய எண்கள்தான் கஷ்டம்.

இங்கே என் கேள்வி. நான் செய்தது ஹேக்கா, திருட்டா? யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பூட்டு இருக்கும்போதே பேச முடிகிறதே என்ற பரவசம்தான். பேசுவதற்கு ஆளே இல்லாமல் நேரம் சொல்லும் நம்பருக்கு அடித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் மாதக் கடைசியில் பில்லைக் கட்டியது பெரியப்பா. பின்னாளில் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நிரலாள் சொன்ன 1963 செய்தி எனக்கு அதிர்ச்சியாகவே இல்லை. அந்தப் பையன்களின் விரல் எனக்குத் தெரியும்.


#5 தேன்மொழி

வடகரை அண்ணன் கேட்டதையே நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். கணினி முன்னால் உட்கார இரவு நேரம் யாருக்குக் கிடைத்தது?

எம்.ஐ.டி.யில் அந்தக் காலத்தில் பெரிய கணினி ஐ.பி.எம். 704. மாணவன் கிட்டே நெருங்க முடியாது. அட்டையில் துளையிட்டு ஜன்னலில் கொடுக்க வேண்டும், ஆபரேட்டர் வாங்கி ஓட்டுவார், முடிவு பிறகு வரும். ஒரு கமா தப்பினால் மறுபடி வரிசை. டி.எக்ஸ்-0 அப்படியில்லை. நேரடியாக முன்னால் உட்காரலாம், தட்டச்சு செய்யலாம், ஓடும்போதே பார்க்கலாம். ஆனால் பகல் நேரம் ஆராய்ச்சியாளர்களுக்கு. இந்தப் பையன்களுக்குக் கிடைத்தது நள்ளிரவுக்குப் பின், அல்லது யாராவது பதிவு செய்துவிட்டு வராமல் போன நேரம். வரமாட்டாரா என்று அங்கேயே காத்துக் கிடந்தார்கள்.

அழகான காட்சிதான். ஆனால் 1960-இல் ஒரு மாணவி விடிய விடிய அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியுமா? நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது மாலை ஆறரைக்குள் உள்ளே வர வேண்டும். கணினி ஆய்வகம் ஒன்பது வரை திறந்திருக்கும். பையன்கள் அந்த இரண்டரை மணி நேரத்தில் கற்றதை நாங்கள் மறுநாள் காலையில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கொஞ்ச காலம் நானே நம்பினேன்.

இன்னொரு சம்பவம். பி.டி.பி-1 கணினியில் ஹேக்கர்கள் இரவில் உள்ளே புகுந்து தங்களுக்கு வேண்டியபடி வயரை மாற்றி வைத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மறுநாள் முறைப்படி வந்து உட்கார்ந்த ஒருவரின் வானிலை நிரல் ஓடவில்லை. அந்த ஒருவர் மார்கரெட் ஹாமில்டன். பிறகு அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். எல்லோருக்கும் பொதுவான கருவி என்று சொல்லிக்கொண்டே, அதை மாற்றும்போது இன்னொருவரைக் கேட்கவில்லை. கோவைக்காரன் அண்ணா, உங்கள் தம்பி மகளுக்கு இதையும் சொல்லுங்கள். அவள் ஹாமில்டன் இடத்திலும் உட்கார்ந்து பார்க்கட்டும்.


#6 கோவைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நிரலாள், 1963 செய்தி எனக்குத் தெரியாது. 'பத்திரிகை கெடுத்தது' என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். தேன்மொழி, நீங்கள் சொன்னது இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆறரை மணி விஷயத்தை என் தங்கைகூடச் சொன்னதுண்டு, நான்தான் காதில் வாங்கவில்லை.

ஆனாலும் ஸ்பேஸ்வார் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதாமல் விட மனசில்லை. பி.டி.பி-1 விலை சுமார் 1,20,000 டாலர், மொத்தம் செய்ததே ஐம்பத்துச் சொச்சம். அதில் வட்டமான ஒரு திரை இருந்தது. அந்தத் திரைக்குத் தகுந்ததாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரெட்ஸ், வேய்ன் வீட்டானன் மூவரும் பேசி வைத்தார்கள். எழுத வேண்டியவர் ரஸ்ஸல், நாள் கடத்திக்கொண்டே இருந்தார். சைன், கொசைன் கணக்கிடும் நிரல் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று சாக்குச் சொன்னார். ஆலன் கோட்டாக் நேராகக் கணினி செய்த கம்பெனிக்கே போய் அந்த நிரல் துளையிட்ட காகித நாடாவை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தார். "இந்தா, இப்ப என்ன சாக்கு?" என்பது போல.

விளையாட்டு ஓட ஆரம்பித்ததும் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். திரையில் நட்சத்திரங்கள் தாறுமாறாகத் தெளித்துக் கிடந்தது சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. உண்மையான வானத்தின் நட்சத்திரங்களை, பிரகாசம் உட்பட, அந்தந்த இடத்தில் வைத்து நிரல் எழுதினார். 'விலையுயர்ந்த கோளரங்கம்' என்று அதற்குப் பெயர். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனையும் ஈர்ப்பு விசையையும் சேர்த்தார். அதுவரை சுடத் தெரிந்தவன் ஜெயித்தான், அதற்குப்பின் சூரியனைச் சுற்றி வரத் தெரிந்தவன் ஜெயித்தான். கணினியின் சுவிட்சுகளில் விளையாடி முழங்கை வலிக்கிறது என்று கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் தனியாகக் கைப்பெட்டி செய்தார்கள். வீட்டில் குழந்தைகள் பிடித்திருக்கும் கேம் கன்ட்ரோலரின் பாட்டன் அதுதான்.

யாரும் காசு வாங்கவில்லை. காகித நாடா இழுப்பறையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம். கணினிக் கம்பெனியே புதுக் கணினி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஸ்பேஸ்வாரைப் போட்டுப் பார்த்தது. அது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் நோலன் புஷ்னெல். 1971-இல் காசு போட்டு ஆடும் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' செய்தார், அடுத்த ஆண்டு அட்டாரி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.


#7 நிரலாள்

அண்ணா, திரும்பப் பெற வேண்டாம், பாதி உங்கள் பக்கம்தான். நான் சொல்ல வந்ததை முடித்துவிடுகிறேன்.

எம்.ஐ.டி.க்கு வெளியே, கணினியையே பார்க்காமல், அதே விரலோடு இன்னொரு கூட்டம் வளர்ந்தது. 'போன் ஃப்ரீக்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். ஜோ எங்ரெஸ்ஸியா என்ற பார்வையற்ற சிறுவன், 1949-இல் பிறந்தவர். எந்தச் சுருதியையும் கேட்டவுடன் பிடித்துவிடும் காது. ஒருநாள் போனில் சீட்டியடித்துக்கொண்டிருந்தபோது குறிப்பிட்ட ஒரு சுருதியில் லைன் அறுந்ததைக் கவனித்தான். அந்தச் சுருதி 2600 ஹெர்ட்ஸ். பிறகு வாயாலேயே தொலைதூர லைன்களைக் கைக்குள் கொண்டுவந்தார். பார்வையற்ற பிள்ளைகள் பலர் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்களுக்குத் தொலைபேசிதான் திண்ணை.

தொலைதூர லைனில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு சுருதிகளாகப் போகும். அந்த இரட்டைச் சுருதிகள் எவை என்பதைத் தொலைபேசிக் கம்பெனியின் சொந்த ஆய்விதழே 1960-இல் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பியிருந்தது. எஸ்கொயர் இதழ் 1971 அக்டோபரில் இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டது. அதைப் படித்த ஸ்டீவ் வாஸ்னியாக் உடனே நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸைக் கூப்பிட்டார். பின்னாளில் ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்கள். இருவரும் நூலகத்தில் அந்தச் சுருதிகளைத் தேடி எடுத்து, அவற்றை எழுப்பிக் காசில்லாமல் பேச வைக்கும் 'நீலப் பெட்டி' செய்து, பெர்க்லி மாணவர் விடுதிகளில் விற்றார்கள். அது இல்லாவிட்டால் ஆப்பிள் இல்லை என்று ஜாப்ஸே பின்னாளில் சொன்னார்.

ஆக, தங்கப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து 'இவர்கள் ஹேக்கர்கள், அவர்கள் வேறு' என்று வேலி கட்டினால், வாஸ்னியாக்கை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?


#8 பழைய எக்ஸ்சேஞ்ச்

அந்தச் சீட்டி ஏன் வேலை செய்தது என்று இரண்டு வரி. ஊருக்கு ஊர் போகும் ட்ரங்க் லைன் சும்மா இருக்கும்போது அமெரிக்காவில் அதில் 2600 ஹெர்ட்ஸ் ஒலித்துக்கொண்டே இருக்கும். 'நான் காலி' என்று அடுத்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு அதுதான் அடையாளம். யாராவது பேசும்போது ஒலி நிற்கும். சரி, பேசிக்கொண்டிருப்பவரே அந்த ஒலியைக் கொடுத்தால்? அந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் 'வைத்துவிட்டார்' என்று நினைத்து லைனை விடுவிக்கும். இவர் இன்னும் லைனில்தான் இருக்கிறார். ஒலியை நிறுத்தினால் புது அழைப்பு என்று நினைத்து எண்ணுக்காகக் காத்திருக்கும். குரல் போகிற அதே கம்பியில் கட்டளையும் போனதுதான் கோளாறு. 1976 முதல் கட்டளைக்குத் தனி வழி போட்டார்கள், சீட்டி மெல்ல மெல்லச் செத்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லைன்களை நிறைத்துப் பிடித்துவைத்தார்கள் என்று நிரலாள் எழுதினாரே, அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஊரிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு இருந்ததே சில லைன்கள்தான். அத்தனையும் பிஸி. ஒரு பிரசவ கேஸுக்கு டாக்டரைக் கூப்பிட வந்த ஆள் எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே நின்றார். அன்றைக்கு யாரும் விளையாடவில்லை, கேபிளில் தண்ணீர் புகுந்துவிட்டது. நாங்கள் சரி செய்து கொடுத்தோம், தாயும் பிள்ளையும் நலம். ஆனாலும் லைன் என்றாலே எனக்கு அந்த ஆளின் முகம்தான். சுருதியைக் கண்டுபிடித்த அந்தப் பையனைக் கும்பிடுவேன். லைனை அடைத்தவனிடம் உட்கார வைத்துப் பேசியிருப்பேன்.


#9 மழைக்காலம்

நான் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இதில் முக்கியம் பகிர்வு. அதைப் பற்றி மட்டும்.

1975 மார்ச் 5-ஆம் தேதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஹோம்ப்ரூ கணினிக் கிளப் முதன்முதலாகக் கூடியது. ஆல்டேர் 8800 என்ற கணினியைத் துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக் கட்டியவர்கள். வாஸ்னியாக் அங்கே போனவர்தான். தன் கணினியின் சுற்று வரைபடத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அதுதான் ஆப்பிள் 1. மறுவருடம் பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். எங்கள் 'பேசிக்' என்ற நிரல்மொழி மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பது திருட்டு என்று. அவருக்கு அப்போது இருபது வயது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது, உழைத்து எழுதியவர். ஆனால் இழுப்பறையில் கிடந்த ஸ்பேஸ்வார் நாடாவுக்கும் இந்த மடலுக்கும் நடுவே பதினான்கே ஆண்டுகள் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

எம்.ஐ.டி.யில் அந்தப் பழைய வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததைக் கண்ணெதிரே பார்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆய்வகத்தின் பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார். புது லேசர் பிரிண்டர் வந்தது, அதன் மூலநிரலை, அதாவது மாற்றி எழுதத் தேவையான நிரல் வரிகளை, தரமாட்டோம் என்றார்கள். 1983 செப்டம்பரில், யாரும் பார்க்க, மாற்ற, பகிரக்கூடிய மென்பொருளை எழுதும் குனூ திட்டத்தை அறிவித்தார்.

அதன் பயனை நான் நேரடியாக அனுபவித்தவள். 2000-களின் தொடக்கத்தில் மூலநிரல் திறந்த இயங்குதளமான லினக்ஸின் கே.டி.இ. இடைமுகத்தைத் தமிழாக்கியபோது நானும் சில கோப்புகளை வாங்கிச் செய்தேன். 'எடிட்' என்பதற்குத் 'தொகு' போதுமா, 'திருத்து' வேண்டுமா என்று மின்னஞ்சலில் மூன்று வாரம் சண்டை. கனடா, சென்னை, கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு மூலையில், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அந்தச் சண்டைக்கே இடம் கிடைத்தது. கம்பெனியிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்தால் கிடைத்திருக்குமா?


#10 வல்லிபுரத்தான்

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், 1986-இல் பிள்ளையாக வந்து சேர்ந்தவன். இங்கே என் வகுப்புப் பெடியன் ஒருவனிடம் காமடோர் 64 என்ற வீட்டுக் கணினி இருந்தது. அவனிடம் இருந்த விளையாட்டுகள் எல்லாம், நகலெடுக்காமல் இருக்கப் போட்ட பூட்டை உடைத்த பிரதிகள். விளையாட்டு தொடங்க முன்னம், உடைத்தவர்களின் பெயர் திரையில் ஓடும், பின்னால் ஒரு பாட்டு. எனக்கு மொழி சரியாக விளங்காத காலம். விளையாட்டைவிட அந்த முன்காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பேன்.

அந்த முன்காட்சியே பிறகு தனிக் கலையாகிவிட்டது. உடைக்கிற வேலையை விட்டுவிட்டு, 64 கிலோபைட்டுக்குள், சில போட்டிகளில் 4 கிலோபைட்டுக்குள், படமும் இசையும் சேர்த்து ஓடவைப்பது. டெமோசீன் என்று பெயர். 1992-இல் பின்லாந்தில் தொடங்கிய அசெம்பிளி விழா இன்றும் நடக்கிறது. அங்கத்தைய ஃபியூச்சர் க்ரூ குழுவிலிருந்து வந்தவர்கள்தான் பிறகு ரெமெடி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2020-இல் பின்லாந்தும் 2021-இல் ஜெர்மனியும் டெமோசீனைத் தங்கள் நாட்டின் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. அந்தச் செய்தியை வாசித்த அன்று அந்தப் பழைய பெடியனுக்கு எடுத்துக் கதைத்தேன். இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. அந்தப் பாட்டை அவன் இன்னும் முணுமுணுக்கிறான்.

திருட்டில் பிறந்து மரபுப் பட்டியலில் ஏறியது. நிரலாள் கேட்ட வேலிக் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.


#11 கோவைக்காரன்

இந்த இழை முழுவதையும் என் தம்பி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தாள். ஹாமில்டன் பகுதியை இரண்டு முறை. அப்புறம் பரண் மேல் ஏறி எங்கள் பழைய கறுப்பு டயல் போனை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். லைன் கிடையாது, சும்மா சுற்றிப் பார்க்கிறாள்.

பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவிடம் அவளுக்கு ஒரு கேள்வி. "டயல்ல 0 ஏன் 1-க்கு முன்னாடி இல்லாம 9-க்கு அப்புறம் இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.


#12 பழைய எக்ஸ்சேஞ்ச்

நல்ல கேள்வி கேட்டிருக்கிறது குழந்தை. லைனை ஒருமுறை அறுத்தால் 1, இருமுறை அறுத்தால் 2. ஒருமுறைகூட அறுக்காமல் பூஜ்யத்தை எப்படி அனுப்புவது? எதுவுமே நடக்காததைச் செலக்டரால் எண்ண முடியாது. அதனால் 0 என்றால் பத்து முறை. செலக்டர் கடைசிப் படி வரை ஏறும். வடகரை தம்பி குமிழைத் தட்டியபோது 0 வந்தால் ஏன் கஷ்டப்பட்டார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

போனின் அடிமூடியைக் கழற்றச் சொல்லுங்கள், சில திருகுகள்தான் இருக்கும். டயலுக்குப் பின்னால் மெல்லிய உலோகத் தகடுகள் தெரியும். 0 வரை சுற்றி விட்டுவிட்டு அந்தத் தகடுகளைப் பார்க்கட்டும். திரும்பி வர ஒரு நொடி ஆகும். அதற்குள் பத்து முறை பிரிந்து சேரும். எண்ண முடியாவிட்டால் விரல் நுனியை மெதுவாக மேலே வைத்துக்கொண்டால் போதும், விரலுக்குத் தெரியும்.